மூலையில் குறைகிற துண்டு

புதுக்குடியிருப்பில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாடு படிப்பிக்கிற நாளில் நான் கரும்பலகைப் பக்கம் போறதில்லை. முற்றத்து மணலைக் கூட்டிவிட்டு, ஈர்க்கால் ஒரு பாத்தி கீறுவேன்.

கச்சான் பாத்தி. நீளம் அகலத்தைவிட 3 மீற்றர் கூட, பரப்பளவு 40 சதுர மீற்றர். அகலம் அ என்றால், அ(அ + 3) = 40. இந்த இடத்திலேயே சிலர் அ = 40 என்று எழுதிப்போடுவார்கள். பெருக்கி வந்தது பூச்சியமென்றால்தான் ஒரு காரணியாவது பூச்சியம். 40 க்கு அந்த நியாயம் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: அ² + 3அ − 40 = 0. பெருக்க −40, கூட்ட 3 வரவேணும்: 8, −5. (அ + 8)(அ − 5) = 0. விடை −8 அல்லது 5. −8 மீற்றர் அகலத்தில் கச்சான் போடேலாது. ஆனாலும் அதை எழுதிவிட்டு வெட்டுங்கள்.

இனித்தான் விஷயம். நீளம் 4 மீற்றர் கூட, பரப்பளவு 20: அ² + 4அ = 20. காரணி அகப்படாது. ("ரீச்சர், கேள்வி பிழை" என்று ஒருவன் கட்டாயம் சொல்லுவான்.) பாத்தியைப் பாருங்கள்: அ × அ சதுரம், அதோடு ஒட்டின 4 × அ துண்டு. அந்தத் துண்டை நீளவாக்கில் பிளந்து, 2 மீற்றர் அகலமான இரண்டாக்கி, ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கமும் மற்றதைக் கீழேயும் ஒட்டுங்கள். பெரிய சதுரம் வரப்பார்க்கும், ஒரு மூலை மட்டும் வெறுமை. அது 2 × 2, நாலு. அதை நிரப்பினால் (அ + 2)². நிலம் நாலு கூடினபடியால் வலப்பக்கம் 24. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி காட்டினதும் இப்படி ஒரு மூலையைத்தான். அவரும் கழித்தல் விடையை எடுக்கவில்லை.

அ + 2 = ±√24. அந்த ± தான் பரீட்சையில் அடிக்கடி விடுபடும். 4.9 இன் வர்க்கம் 24.01, ஆகவே அகலம் ஏறத்தாழ 2.9 மீற்றர். 2.9 × 6.9 = 20.01. சரி.

அ² க்கு முன்னால் எண் நின்றால், முதலில் அதால் முழுவதையும் வகுங்கள். 2அ² + 12அ = 10 என்றால் அ² + 6அ = 5. ஆறின் பாதி 3, மூலை 9, வலப்பக்கம் 14. இருபடிச் சமன்பாட்டின் விடையை நேரே தருகிற சூத்திரமும் எழுத்துகளால் நிரப்பின இதே மூலைதான். இதை நாலைந்து தரம் கீறாமல் சூத்திரத்தைப் பாடமாக்க நான் விடுறதில்லை.