திருநெல்வேலி சொதி: தேங்காய்ப்பால் திரியாமல் வைப்பது எப்படி?

தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிற குழம்பு என்றாலே, கை பழகியவர்கள் வேலை என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். வறுத்து அரைக்கிற குழம்புகளைவிட இது சுலபம். மல்லி வறுக்க வேண்டாம், புளி கரைக்க வேண்டாம். அடுப்பை எப்போது குறைப்பது, எப்போது அணைப்பது என்று தெரிந்தால் போதும். பழகுவதற்கு ஏற்றது திருநெல்வேலி சொதி. அந்தப் பக்கத்து சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகு நடக்கிற மறுவீட்டு விருந்தில் இதுதான் முக்கியக் குழம்பு. மாப்பிள்ளை சொதி என்றும் சொல்வார்கள். இலங்கையில் இடியாப்பத்துக்கு ஊற்றுகிற சொதி வேறு. அது மஞ்சள் நிறத்தில் தண்ணியாக இருக்கும், இத்தனை காய்கறியும் போடமாட்டார்கள். அந்தச் செய்முறையை இதோடு கலக்காதீர்கள்.

நாலு பேருக்கு: பெரிய தேங்காய் 1, பாசிப்பருப்பு கால் கப், சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், பச்சை மிளகாய் 6, கட்டைவிரல் அளவு இஞ்சி, உருளைக்கிழங்கு 1, கேரட் 1, பீன்ஸ் 10, முருங்கைக்காய் 1, ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, எலுமிச்சம்பழம் 1. தாளிக்கத் தேங்காய் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. மஞ்சள்தூள் கிடையாது, மல்லித்தூள் கிடையாது. பட்டை கிராம்பு போட ஆரம்பித்தால் அது குருமா ஆகிவிடும்.

பருப்பை வாசனை வருகிற வரை லேசாக வறுத்து, குக்கரில் 3 விசில் விட்டு மசித்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாயையும் இஞ்சியையும் சேர்த்து அரைத்துவிடுங்கள். மிளகாயைக் கீறிப் போடுகிறவர்களும் உண்டு. அரைத்தால்தான் காரம் பால் முழுக்கச் சமமாகப் பரவும் என்பது என் கட்சி.

அடுத்தது பால் பிழிவது. துருவும்போது ஓட்டை ஒட்டியிருக்கும் பழுப்புப் பகுதி வரை போகாதீர்கள், பாலின் நிறம் மங்கிவிடும். துருவலோடு முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் துருவல் கூழாகி, பிழியும்போது சக்கையும் கூடவே வரும். வடிகட்டுவதற்கு எவர்சில்வர் வடிகட்டியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கரண்டியால் எவ்வளவு அழுத்தினாலும் பாதிப் பால் சக்கையிலேயே தங்கிவிடும். பழைய வேட்டித் துணியைத் துவைத்து வைத்துக்கொண்டு, அதில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். முதலில் வருவது கெட்டிப்பால், இதைத் தனியாக வையுங்கள். அதே சக்கையை ஒரு கப் தண்ணீர் விட்டு மறுபடி அரைத்தால் இரண்டாம் பால். இன்னொரு முறை ஒன்றரை கப் விட்டு அரைத்தால் மூன்றாம் பால். மூன்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, முழு வெங்காயம், பூண்டு, அப்புறம் காய்கறிகளை வதக்குங்கள். அரைத்த விழுதைப் போட்டு அதன் பச்சை வாசனை போனதும் மூன்றாம் பாலை ஊற்றி, உப்பும் போட்டு வேகவிடுங்கள். இந்தப் பால் ஏறக்குறைய தண்ணீர்தான், நன்றாகக் கொதிக்கலாம். காய் முழுக்க இந்தக் கட்டத்திலேயே வெந்துவிட வேண்டும். கெட்டிப்பால் ஊற்றிய பிறகு வேகவைக்க வழியே இல்லை. வெந்ததும் மசித்த பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்து, மிதமான தீயில் 5 நிமிடம். உப்பும் காரமும் சரியா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். தேங்காய்ப்பாலில் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பிடித்து வைத்திருப்பது தேங்காயின் புரதம். கொதி நிலையை நெருங்கும்போது அந்தப் புரதம் இறுகி, பிடியை விட்டுவிடும். அதன் பிறகு மேலே எண்ணெய் மினுங்கும், நடுவில் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும், அடியில் தண்ணீர் நிற்கும். புளிப்பும் இதே வேலையைச் செய்யும் என்பதால், கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிந்தால் நிச்சயம் திரியும்.

ஆகவே தீயைக் குறைத்து, குழம்பின் குமிழிகள் அடங்குகிற வரை காத்திருங்கள். கெட்டிப்பால் இருக்கிற கிண்ணத்தில் ஒரு கரண்டி சூடான குழம்பை விட்டுக் கலக்குங்கள். பாலும் வெதுவெதுப்பானதும், அதைக் குழம்பில் மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். கைபேசி அடித்தால் எடுக்க வேண்டாம். சற்று நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன நுரை கட்டும், நடுப்பகுதி அசையாமல் இருக்கும், ஆவி எழும்பும். அந்த இடத்தில் அணைத்துவிடுங்கள். நடுவில் ஒரு குமிழி வெடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கி வையுங்கள், ஏனென்றால் கனமான பாத்திரம் அடுப்பின் மேலேயே இருந்தால் அணைத்த பிறகும் சூடு ஏறும். மூடவும் வேண்டாம். பத்து நிமிடம் கழித்துப் பாதிப் பழத்தைப் பிழிந்து ருசி பாருங்கள், போதாவிட்டால் மீதி. கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

சோற்றுக்குத்தான் இது முதலில், ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் அப்புறம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்காரும், இஞ்சி அதைச் சரிக்கட்டும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். உருளைக்கிழங்கு காரக்கறியும் இருந்தால் விருந்துதான்.

பின்சேர்க்கை 1: வெளிநாட்டில் இருப்பவர்கள் டின் பாலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். தாராளமாக ஊற்றலாம். 400 மில்லி டின் ஒன்றைக் குலுக்காமல் திறந்தால், மேலே கெட்டியாக நிற்பது முதல் பால். அடியில் இருப்பதில் தண்ணீர் கலந்தால் மற்ற இரண்டும். சில டின்களில் பிரியாமல் இருக்கப் பசை சேர்த்திருப்பார்கள், அவை மேலே கீழே என்று பிரியாது. அப்படியானால் பாதியைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றிவிட்டு, மீதியைக் கடைசிக்கு வையுங்கள். என்னைக் கேட்டால் உறைய வைத்த துருவல் பாக்கெட் இதைவிட மேல். சில்லென்ற துருவலில் கொழுப்பு உறைந்திருக்கும், பிழிந்தால் பால் வராது. முழுக்க இளகவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள்.

பின்சேர்க்கை 2: "திரிந்துவிட்டது, கொட்டிவிடவா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கொட்டாதீர்கள், அது கெட்டுப்போகவில்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. காய்களைத் தனியே அரித்து எடுத்துவிட்டு, குழம்பை ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு ஸ்பூன் அரிசிமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தனியே சூடாக்கிக் கூழாக்கி அதில் சேர்த்தால் ஓரளவு சேர்ந்துகொள்ளும்.

பின்சேர்க்கை 3: மிஞ்சிய சொதியை நேரே அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். அகலமான சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அணைத்துவிட்டு, சொதிப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி வையுங்கள். இரவில் ரொட்டித்துண்டைத் தொட்டுச் சாப்பிட அந்தச் சூடு போதும்.