காலை நேரச் செயின் சத்தமும் களைத்துப்போன ஸ்பிரிங்கும்: டர்போ வண்டியில் செய்யக்கூடாத தவறுகள்

காலையில் சாவியைத் திருப்பியதும் என்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து 'கரகர'வென்று இரண்டு விநாடி சத்தம் வரும். அப்புறம் நின்றுவிடும். "சூடானா சரியாப் போயிருதுங்ணா" என்று வண்டிக்காரர் சொல்வார். பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ரீமேப் செய்த, அதாவது பவர் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிய வண்டி எது வந்தாலும், பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், எவ்வளவு என்பதை நான் அப்புறம்தான் கேட்பேன். முதலில் வண்டியை ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். காலையில் பானெட்டைத் திறந்து வைத்து, பையனை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செயின் பக்கம் காதை வைத்துக் கேட்பேன். அந்த இரண்டு விநாடியில் தெரிவது அப்புறம் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது.

சத்தம் நிற்பதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேமுக்குப் போகும் டைமிங் செயினைத் தொய்வில்லாமல் அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். பெரும்பாலான கார்களில் அது ஆயில் அழுத்தத்தால் வெளியே தள்ளப்படும் ஒரு சின்ன பிஸ்டன்தான். ராத்திரி வண்டி நிற்கும்போது அதிலிருக்கும் ஆயில் வடிந்துவிட்டால், காலையில் ஆயில் மறுபடி ஏறும் வரை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும், பின்னால் நழுவாமல் தடுக்கும் பல் பூட்டான ராட்செட்டும் மட்டுமே செயினைப் பிடிக்க வேண்டும். செயின் தேய்ந்திருந்தாலோ ராட்செட் பல் மழுங்கியிருந்தாலோ அந்த நேரத்தில் செயின், அதை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டையான கைடில் அடிக்கும். ஆயில் ஏறியதும் சத்தம் அடங்கும். தேய்மானம் அங்கேயேதான் இருக்கும்.

ஆனால் சத்தம் கேட்டவுடன் கவரைக் கழற்றவும் வேண்டாம். முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். நல்ல ஃபில்டரில் ஆயில் பின்னால் வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சரியாக மூடாது. சரியான ஃபில்டரும் கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலும் போட்டு, ஒரு ராத்திரி விட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் திறந்துதான் ஆக வேண்டும்.

'செயின் இழுத்துக்கிச்சு' என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. 150 கண்ணி உள்ள செயினில் கண்ணிக்கு 0.02 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 3 மி.மீ. ஆகிவிடும். அந்த நீளம் முழுவதையும் டென்ஷனர்தான் வெளியே வந்து ஈடுகட்ட வேண்டும். கேமும் கிராங்குக்குப் பின்தங்கும். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும், டர்போ எழும்ப நேரமாகும். வண்டிக்காரர் என்ன செய்கிறார்? பிக்கப் குறைந்துவிட்டது என்று ரீமேப் கடைக்குப் போய் இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏற்றிக்கொள்கிறார். தேய்ந்த செயின் மேலேயே சுமை கூடுகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ரீமேப்புக்கு முன்னால் ஸ்கேனரில் கேம், கிராங்க் இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்தைப் பார்த்திருந்தால் போதும். கேமும் கிராங்கும் பொருந்தவில்லை என்று சொல்லும் பி 0016 என்ற பிழைக் குறியீடு வரும் வரை காத்திருக்கக் கூடாது. அது வருவதற்கு வெகு முன்பே அந்த எண் மெல்ல மெல்ல நகர ஆரம்பித்திருக்கும்.

டீசல் வண்டிகளுக்கு ஆயில்தான் முதல் விஷயம். ஸ்விஃப்ட், டிசையர், புன்டோ, இண்டிகா விஸ்டா என்று நம் ஊரில் எத்தனையோ வண்டிகளில் ஓடிய ஃபியட் வழி 1,248 சிசி என்ஜின் செயின் வகை. ரீமேப்பில் டீசலை அள்ளி ஊற்றினால் பின்னால் கரும்புகை போகும். அந்தக் கரியில் ஒரு பங்கு ஆயிலிலும் சேரும். ஆயிலில் கலந்த கரி செயினின் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அரம் மாதிரி வேலை செய்யும். கம்பெனி 10,000 கி.மீ. என்று சொன்னது அவர்கள் கொடுத்த மேப்புக்கு. மேப் மாற்றிய வண்டிக்கு நான் 5,000-லேயே ஆயில் மாற்றுகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை கூடுதலாக மாற்றும் செலவையும் செயின் செட், கூலி செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கே இன்னொரு பழக்கம் உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தாங்க தாங்கும்" என்று மெல்லிய 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது. டென்ஷனருக்கு ஆயில் போகும் ஓட்டை மிகச் சிறியது. கெட்டி ஆயில் அதற்குள் ஏறத் தாமதமாகும். காலை சத்தம் இரண்டு விநாடியிலிருந்து நாலு விநாடி ஆகும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. நடுவில் எங்காவது சரிவில் நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு, ஹேண்ட்பிரேக் இல்லாமல் டீ குடிக்கப் போவார்கள். வண்டியின் எடை முழுக்க கிராங்கில் உட்காரும். வண்டி நகரப் பார்க்கும் திசை என்ஜினை எதிர்ப்புறமாகச் சுற்றும் திசையாக இருந்தால், செயினின் இறுகிய பக்கம் தொய்ந்து, தொய்வுப் பக்கம் விறைத்து டென்ஷனரை உள்ளே தள்ளும். ராட்செட் பலவீனமான என்ஜினில் அடுத்த ஸ்டார்ட்டிலேயே செயின் பல் தாண்டலாம். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, அதற்கப்புறம் வேண்டுமானால் கியர் போடுங்கள். இதே காரணத்தால்தான் வேலை செய்யும்போதும் கிராங்கைப் பின்பக்கமாகத் திருப்பக் கூடாது. டைமிங் குறி தாண்டிப் போய்விட்டால் முன்பக்கமாகவே இன்னும் இரண்டு சுற்று சுற்றி வரவேண்டும்.

மாற்றும் வேலையில் நடக்கும் தவறுகள் ஏராளம். செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கைடு, பழைய பல்சக்கரம், பழைய டென்ஷனரை விடுவது. டென்ஷனருக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கிச் சத்தத்தை அடக்குவது. சத்தம் அடங்கும், ஆனால் பிளாஸ்டிக் கைடு சீக்கிரம் அறுந்து துண்டுதுண்டாக, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழும். டென்ஷனரின் பூட்டுப் பின்னை உருவ மறந்து கவரைப் போடுவது. ஒருமுறைதான் இறுக்கலாம் என்றிருக்கும் கிராங்க் போல்ட்டை மறுபடி போடுவது. இதற்கெல்லாம் மேலே நான் பயப்படுவது சீலன்ட் பசைக்கு. கவரைச் சுற்றித் தாராளமாகப் பிதுக்கினால் உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து, ஆயிலை வடிகட்டும் சல்லடையான ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும். புது டென்ஷனருக்கே ஆயில் போகாது, டர்போவுக்கும் போகாது. ஒரு மெல்லிய கோடு போதும். எல்லாம் முடிந்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேருகின்றனவா என்று பார்க்காமல் ஸ்டார்ட்டர் பக்கமே போகாதீர்கள்.

இனி, வால்வை மூடிப் பிடிக்கும் வால்வு ஸ்பிரிங். செயினும் ஸ்பிரிங்கும் தனித்தனி என்று நினைத்து வேலை செய்வதில்தான் பெட்ரோல் டர்போக்காரர்கள் அடிபடுகிறார்கள். நம் தாத்தாக்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு சரிவில் இறங்கும்போது வடக்கயிறு விறைக்கும், பின்னால் ஏறி வரும்போது தொய்யும். கேம் வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் எதிர்க்கிறது, செயின் விறைக்கிறது. வால்வு மூடும்போது அதே ஸ்பிரிங் கேமை முன்னே தள்ளுகிறது, செயின் தொய்கிறது. இது ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. அந்தத் தொய்வை ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்வது டென்ஷனர். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் அந்த இழுப்பும் தொய்வும் கூடும்.

அப்படியானால் ஏன் கெட்டியாக்குகிறார்கள்? காரணம் உண்டு. 34 மி.மீ. இன்டேக் வால்வின் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. பூஸ்ட் 0.8 பார் என்றால் வால்வின் முதுகில் ஏழரைக் கிலோ அளவுக்குத் தள்ளும். 1.5 பார் என்றால் 14 கிலோ வரும். மூடிய நிலையில் ஸ்பிரிங் 25 கிலோ பிடிக்கிறது என்று வையுங்கள், மிச்சம் 11. சிலிண்டருக்குள் எதிர் அழுத்தம் இருக்கும்போது இந்தத் தள்ளு குறையும், அதனால் இதை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் புகை சுழற்றும் டர்போவின் டர்பைன் சக்கரம் சிறியதாக இருந்தால் அதற்கு முன்னால் தேங்கும் அழுத்தம் பூஸ்ட்டைவிட அதிகமாகவே போகும். பக்கத்துச் சிலிண்டரிலிருந்து வரும் அலையும் சேர்ந்து எக்ஸாஸ்ட் வால்வை அது மூடியிருக்க வேண்டிய நேரத்தில் தட்டித் திறக்கப் பார்க்கும். மேல் ஆர்பிஎம்மில் களைத்த ஸ்பிரிங் இருந்தால் வால்வு கேமைத் தொடர முடியாமல் மிதக்கும். மிதக்கும் வால்வை பிஸ்டன் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டீசல் ரீமேப்காரர்கள் இதற்காகப் பயந்து ஸ்பிரிங் வாங்க வேண்டாம். உங்கள் என்ஜின் அவ்வளவு ஆர்பிஎம் போவதில்லை. பெரும்பாலும் செயினைப் பார்த்துக்கொண்டாலே போதும்.

போன வருடம் திருப்பூரிலிருந்து ஒரு பெட்ரோல் செடான் வந்தது. வேறொரு இடத்தில் பெரிய டர்போ ஏற்றி, ஆன்லைனில் வாங்கிய இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டிருந்தார்கள். ஹெட்டில் ஸ்பிரிங் உட்காரும் உயரத்தை யாரும் அளக்கவில்லை. டென்ஷனர் பழையது. சம்ப்பைக் கழற்றியபோது கைடின் பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளே கிடந்தன. கேமின் மூக்கில் விரலை வைத்தாலே வரிவரியாகத் தட்டுப்பட்டது. அந்தத் தம்பி ஓட்டியது அவிநாசி ரோட்டிலும் சேலம் பைபாசிலும்தான். அவர் வைத்திருந்த பூஸ்ட்டுக்கு அந்த ஸ்பிரிங்கில் பாதிக் கெட்டி போதும்.

அதனால் ஸ்பிரிங் விஷயத்தில் கண் மதிப்பு வேண்டாம். மேசையில் நிறுத்தி உயரம் ஒன்றாக இருக்கிறது என்பதை வைத்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஸ்பிரிங் டெஸ்டரில், ஹெட்டில் உட்காரும் உயரத்துக்கு அழுத்தி எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். வால்வு முழுக்கத் திறந்த உயரத்தில் இன்னொரு முறை. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத்தும் ஹெட் வேலையும் செய்பவர்களிடம் கேட்டால் இதைச் செய்து தருவார்கள். புதிதாகப் போட்ட நாளின் அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் செட்டையே மாற்றிவிடுவேன். முழுக்கத் திறந்த நிலையில் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் மொத்தம் 1.5 மி.மீ. அளவுக்காவது இடம் மிச்சமிருக்க வேண்டும்; வால்வை அதிகம் திறக்கும், லிஃப்ட் கூடிய கேம் போட்டவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

ஸ்பிரிங்கைக் குறடால் பிடிக்காதீர்கள். கம்பியில் விழும் மெல்லிய கீறல்கூடப் போதும், லட்சக்கணக்கான அழுத்தத்துக்குப் பிறகு அங்கிருந்துதான் முறியும். துருப் புள்ளியும் அப்படித்தான். கழுவ ஆசிட் கலந்த எதையும் தொட வேண்டாம். மண்ணெண்ணெயில் அலசி, ஆயில் தடவி, ஒவ்வொன்றும் எந்த வால்விலிருந்து வந்தது என்று எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்குவதாக நினைத்து முதலாவதில் போய்விட்டால், என்ஜின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் எதுவும் செய்ய முடியாது. அது எரிபொருளை மட்டும்தான் வெட்டும். சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. அன்றைக்கு வண்டி நன்றாக ஓடினாலும் அடுத்த லேப் போகாதீர்கள். ஊருக்கு வந்ததும் ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று ஏற்றி எந்த வால்வு கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கவரைத் திறந்து ஸ்பிரிங், அதை மேலே பிடிக்கும் ரிடெய்னர், டென்ஷனர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வேலை முடிந்த அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கி.மீ., கேம் கோண எண், ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கிலோ, போட்ட ஆயில், காலையில் எத்தனை விநாடி சத்தம். திருப்பூர்த் தம்பியின் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. 5,000 கி.மீ.க்கு அப்புறம் போன வாரம் வந்தார். கோண எண் நகரவில்லை, காலையில் சத்தம் இல்லை. ஆயிலை மாற்றி அனுப்பினோம்.