வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிப்பது எப்படி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை எனப் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழில் செய்யும் எந்தப் படகின் வலையிலும் என்றாவது ஒரு நாள் ஆவுளியா எனப்படும் கடற்பசு சிக்கக்கூடும். அது மேயும் கடற்புல் திட்டுகளும் நாம் வலை விடும் ஆழம் குறைந்த பகுதிகளும் பெரும்பாலும் ஒன்றே. அப்படிச் சிக்கிய ஆவுளியா பெரும்பாலும் காயத்தால் சாவதில்லை, மூச்சு முட்டியே சாகிறது. அது மீன் அன்று. நுரையீரலால் காற்றைச் சுவாசித்து, குட்டி ஈன்று, பால் கொடுத்து வளர்க்கும் விலங்கு. அதன் உடலமைப்பைச் சிறிதளவேனும் அறிந்திருந்தால், வலையருகே எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது தெளிவாகிவிடும்.

சிக்கியிருப்பது எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு, தலையின் உச்சியில் ஒரே ஒரு மூச்சுத்துளைதான் உண்டு. ஆவுளியாவுக்கோ முகத்தின் முன்நுனியில், மேற்பக்கமாக, இரண்டு மூக்குத்துளைகள் உள்ளன. முதுகில் துடுப்பு கிடையாது. மேலுதடு தடித்துக் கீழ்நோக்கி வளைந்து, முரட்டு மயிர்களுடன் இருக்கும். கடலடியில் புல்லைத் தடவி அறிந்து பறிப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. வால் மீனின் வாலைப் போலச் செங்குத்தாக நிற்காமல் கிடையாக விரிந்து, மேலும் கீழுமாக அடிக்கும். வளர்ந்த ஆவுளியா ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ அளவுக்கு எடையும் இருக்கும் என்பதால், அந்த வாலடியின் வேகத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இனி மூச்சுக்கு வருவோம். மூக்குத்துளைகளைத் தசையாலான மூடிகள் காக்கின்றன. நீருக்குள் இருக்கும்போது அவை இறுக மூடியிருக்கும். மேலே வந்ததும் ஓரிரு நொடி மட்டும் திறந்து, பழைய காற்றை வெளியே தள்ளிப் புதியதை இழுத்துக்கொண்டு மீண்டும் மூடிவிடும். வழக்கமாக இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை ஆவுளியா மேலே வரும். நெடுநேரம் மூழ்கியதாகப் பதிவானவை 12 நிமிட அளவில் இருக்கின்றன. அது அமைதியாக மேயும்போது உள்ள கணக்கு. வலையில் மாட்டித் திமிறும்போது தசைகள் பிராணவாயுவைப் பல மடங்கு வேகமாகச் செலவழிக்கின்றன. ஆழ்கடலில் முங்கும் திமிங்கிலத்தைப் போலத் தசைக்குள் பெருமளவு பிராணவாயுவைச் சேர்த்து வைத்திருக்கும் உடலும் அதற்கில்லை. ஆகையால் சில நிமிடங்களிலேயே அதன் உயிர் போய்விடக்கூடும். வலையைக் காப்பாற்றுவதா, விலங்கைக் காப்பாற்றுவதா என்று யோசித்து நிற்க அங்கே நேரம் இல்லை.

எனவே, மிதவைகள் இழுபட்டு அமிழ்வதைக் கண்டதும் படகை அருகே கொண்டுபோய் இயந்திரத்தை நிறுத்துங்கள். இரு பக்கமும் வலையை இழுத்து இறுக்காமல் தளர்த்திவிட்டு, தலைப்பகுதி எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்து மேல்கயிற்றை மெல்லத் தூக்கி, மூக்குத்துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி செய்யுங்கள். இது ஒன்றே முதல் வேலை. அறுப்பதும் அவிழ்ப்பதும் அதற்குப் பின்னர்தான். தளர்ந்துபோன ஆவுளியா தானாக மிதக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதன் விலா எலும்புகள் மஜ்ஜைக் குழி இல்லாமல் கெட்டியாகத் தடித்தவை. கடலடியில் நிதானமாகக் கிடந்து மேய அந்தப் பாரம் உதவுகிறது, ஆனால் நுரையீரலில் காற்று குறைந்த நேரத்தில் அதே பாரம் அதைக் கீழே இழுத்துவிடும். நாடாவைப் போல அகன்ற துணியோ தார்ப்பாயோ இருந்தால் முன்துடுப்புகளுக்குப் பின்னால், மார்புக்குக் கீழே கொடுத்து, இரு முனைகளையும் படகிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். மெல்லிய கயிற்றைப் போட்டுத் தூக்கினால் அது தோலை அறுக்கும்.

முதல் மூச்சு வெளிவரும் சத்தம் கேட்டதும் வலையை அறுக்கத் தொடங்கலாம். கத்தியின் முனை எப்போதும் விலங்கின் தோலுக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். ஒரு விரலைத் தோலுக்கும் கண்ணிக்கும் நடுவே கொடுத்து, விரலின் மேலே அறுப்பது பாதுகாப்பானது. முகத்திலுள்ள கண்ணிகளை முதலில் எடுத்துவிட்டு, அடுத்து முன்துடுப்புகளுக்கு வாருங்கள். துடுப்புக்குள் நம் கையைப் போலவே தோள், முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல் எலும்புகள் எல்லாம் இருக்கின்றன. துடுப்பைப் பிடித்து இழுத்தால் மூட்டு பிசகும். வாலைக் கடைசியாக விடுவிக்க வேண்டும். வால் விடுபட்ட கணமே அது பலமாக அடித்துக்கொண்டு புறப்படும் என்பதால், அதற்குள் வலையின் எந்தப் பகுதியும் யாருடைய கையிலோ காலிலோ சுற்றியிருக்கக் கூடாது. விலங்கு திமிறிக்கொண்டிருக்கும்போது யாரும் கடலில் இறங்கவும் கூடாது. வாலின் அடியில் நரம்புவலை எனப்படும் நைலான் இழை வலை இறுக்கிய தடம் ஆழமாக இருந்தால், ஒரு துண்டு கூட உள்ளே தங்கிவிடாதபடி பார்த்து எடுங்கள். தங்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்தப் பகுதி அழுகிப்போகும்.

பெண் ஆவுளியாவா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. முலைக்காம்புகள் வயிற்றில் இல்லை. முன்துடுப்புகளின் அக்குளில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். காம்பு எளிதில் தென்படாவிட்டால் அடிவயிற்றைக் கவனிக்கலாம்: இனத்துவாரம் மலவாய்க்கு அருகில் இருந்தால் பெண், தொப்புளை ஒட்டி மேலே இருந்தால் ஆண். தாயாக இருந்தால் குட்டி அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது அதே வலையின் வேறொரு பகுதியில் சிக்கியிருக்கும். கர்ப்பகாலம் ஓராண்டுக்கும் மேல். ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான். குட்டி ஒன்றரை ஆண்டு வரை பால் குடிக்கிறது. அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தாய் இறந்தால் இந்தக் கடல் இழப்பது எவ்வளவு என்பதை இந்தக் கணக்கிலிருந்தே நீங்கள் உணரலாம். தாயையும் குட்டியையும் ஒரே இடத்தில், ஒன்றின் கண்ணெதிரே மற்றது இருக்கும்படி விடுங்கள்.

படகில் ஏற்றவோ கரைக்கு இழுக்கவோ வேண்டாம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். நுரையீரல்கள் முதுகின் உட்புறமாக நீண்டு கிடக்கின்றன. கீழே கனத்த குடல். தண்ணீர் தாங்கும் வரை இந்தப் பாரம் தெரியாது. தரையில் கிடத்தினால் உடலின் எடையே மூச்சை அழுத்தும். கரைவலையில் வந்து மணலில் கிடந்தால், வாலைக் கட்டி இழுக்காமல், தார்ப்பாயில் குப்புறக் கிடத்திப் பலர் சேர்ந்து தூக்கி நீருக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை நனைத்த துணியால் உடலை மூடி நிழல் கொடுங்கள். வியர்த்து உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி அதற்கில்லை. மூக்குத்துளைகளின் மேல் துணியும் படக்கூடாது, நீரும் ஊற்றக்கூடாது.

வயிறு உப்பியிருப்பதைக் கண்டு, நீரைக் குடித்துவிட்டது என்றெண்ணி அழுத்துபவர்கள் உண்டு. அது தவறு. புல்லைச் செரிக்கும் விலங்குக்கு வயிறு அப்படித்தான் இருக்கும். பெருங்குடல் மட்டுமே 25 மீட்டர் அளவுக்கு நீளமானது. தின்ற புல் நுண்ணுயிர்களால் மெல்ல நொதித்து வெளியேற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. சில மணி நேரம் பட்டினி கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. புல்லையோ நன்னீரையோ வாயில் திணிக்க வேண்டாம்.

வலை முழுவதும் நீங்கிய பிறகும் உடனே கைவிடாமல், மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று சில முறை பார்த்து, அதன் முகம் ஆழமான பக்கம் நோக்கியிருக்கும்படி விடுங்கள். அசைவற்றுக் கிடந்தால் செத்துவிட்டதென்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. இரண்டு மூச்சுகளுக்கு இடையேயான நேரம் நீளமானது என்பதால், 15 நிமிடமாவது மூக்குத்துளைகளைப் பார்த்துக்கொண்டே தலையைத் தாங்கியிருக்க வேண்டும்.

விடுவித்த இடம், நேரம், ஏறக்குறைய நீளம், ஆணா பெண்ணா, காயம் எங்கே என்பவற்றைக் குறித்து, முடிந்தால் கைப்பேசியில் படமும் எடுத்து, வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு இது. தற்செயலாகச் சிக்கியதை மறைக்காமல் விடுவித்துத் தெரிவிக்கும் மீனவர்களைத் தமிழ்நாடு வனத்துறை பரிசளித்துப் பாராட்டியும் வருகிறது.

உயிர் பிரிந்துவிட்டிருந்தால் வெட்டாமலும் புதைக்காமலும் உடலை அப்படியே நிழலில் வைத்துச் சொல்லி அனுப்புங்கள். மூச்சுக்குழாயில் நுரை இருக்கிறதா, இரைப்பையில் எந்தப் புல் இருக்கிறது என்பதையெல்லாம் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் காண வேண்டும். குறிப்பாகத் தந்தத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். அதன் குறுக்குவெட்டில் தெரியும் வளர்ச்சி அடுக்குகளை எண்ணித்தான் அந்த ஆவுளியாவின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.