போஸ்ட்கிரெஸில் ரோலுக்குப் பெயர் வைக்கும்போது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரோல், அதாவது யூசருக்கோ குழுவுக்கோ ஒரு கணக்கு, உருவாக்க கிரியேட் ரோல் என்று அடித்து, கேப்பிடல் ஆர் போட்டு ரிப்போர்ட்ஸ் என்று பெயர் கொடுத்தாலும், இரட்டை மேற்கோள் இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் அதை முழுக்க சின்ன எழுத்தாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். அப்புறம் டெர்மினலில் டேட்டாபேஸோடு இணைய உதவும் பிஎஸ்கியூஎல் கமாண்டுக்கு அதே கேப்பிடல் ஆரோடு யூசர் பெயரைக் கொடுத்தால், அங்கே அந்த மாற்றம் நடக்காது என்பதால், அப்படி ஒரு ரோலே இல்லை என்று எரர் வரும்.

இரட்டை மேற்கோளுக்குள் உருவாக்கினால் கேப்பிடல் நிலைக்கும். ஆனால் உரிமை கொடுக்க கிராண்ட், மாற்ற ஆல்டர், நீக்க டிராப் என்று எந்தக் கமாண்டை எழுதினாலும் மேற்கோள் கூடவே வரவேண்டும், தேவையா இது? பெயரில் ஹைஃபன் இருந்தாலும் இதே கதைதான். பேசாமல் சின்ன எழுத்து, அண்டர்ஸ்கோர், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டுக்கு ஒற்றை மேற்கோள், பெயருக்கு இரட்டை. மாற்றிப் போட்டால் சின்டாக்ஸ் எரர்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் ஆல்டர் ரோலில் ரீநேம் டூ கொடுத்து மாற்றலாம். பாஸ்வேர்டு எம்டி5 என்ற பழைய முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் பெயர் மாறியதும் அது அழிந்துவிடும், கையோடு புதிதாக வைத்துவிடுங்கள். கிரியேட் யூசர் போட்டாலும் உருவாவது ரோல்தான், லாகின் உரிமை மட்டும் சேர்ந்து வரும்.