பழைய லென்ஸுக்குப் புது அடப்டர்: வீடியோ எடுக்குமுன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் அலுமாரிக்குள் ஒரு பழைய பிலிம் கமரா கிடக்கும். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்ததாக இருக்கும், அல்லது ஒருகாலத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த பெரியப்பா விட்டுப்போனதாக இருக்கும். கமரா இயங்காமல் போனாலும் அதில் பூட்டியிருக்கும் 50 மி.மீ. லென்ஸ் இன்னும் நல்ல நிலையில் இருக்கக்கூடும். அதை இன்றைய மிரர்லெஸ் கமராவில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கமரா) மாட்ட, இரண்டுக்கும் நடுவில் பூட்டும் அடப்டர் என்ற வளையம் ஒன்று போதும்.

ஓட்டோஃபோகஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம். வீடியோ பழகுகிறவர்களுக்குக் கையால் திருப்பும் லென்ஸ் நல்ல ஆசான். புதிய லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையம் உள்ளேயுள்ள மோட்டாருக்குச் சைகை மட்டும்தான் அனுப்புகிறது. வேகமாகத் திருப்பினால் ஒரு அளவு நகரும், மெதுவாகத் திருப்பினால் இன்னொரு அளவு. பழைய லென்ஸில் வளையமும் கண்ணாடியும் நேரடியாகப் பிணைந்திருக்கும். 2 மீற்றர் என்ற கோட்டுக்கு எத்தனை தடவை திரும்பி வந்தாலும் அதே இடத்தில் ஃபோகஸ் நிற்கும். ஆனால் நடுவில் இருக்கும் அடப்டர் சரியாக இருந்தால்தான் இது பலிக்கும்.

இந்தக் கட்டுரையில் நிக்கோன் எஃப் லென்ஸ் ஒன்றை சோனி ஈ மவுண்ட் கமராவில் பூட்டுவதை உதாரணமாக எடுக்கிறேன். மவுண்ட் என்பது லென்ஸ் வந்து பூட்டும் வாய். வேறு கமரா வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான்.

அடப்டர் செய்யும் ஒரேயொரு வேலை

ஒவ்வொரு வகை லென்ஸும் சென்சரிலிருந்து (கமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு; பழைய கமராவில் பிலிம் இருந்த இடம்) குறித்த ஒரு தூரத்தில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. லென்ஸ் வந்து அமரும் உலோக முகத்திலிருந்து சென்சர் வரையுள்ள தூரம் அது. நிக்கோன் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. அதன் தூரம் 46.5 மி.மீ. சோனி ஈ மவுண்ட் 2010இல் வந்தது; அதில் 18 மி.மீ. மட்டுமே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 28.5 மி.மீ. உங்கள் அடப்டரின் தடிப்பு இதுதான். உள்ளே கண்ணாடி இல்லை, மின்சுற்று இல்லை. இருப்பது தூரம் மட்டும்.

அதனால் கீழே வரும் சோதனைகள் பெரும்பாலும் அந்தத் தூரத்தைப் பற்றியவை. அளவு சரியா? நாலு பக்கமும் ஒரே அளவா? வளையத்தைத் திருப்பும்போதும் அசையாமல் நிற்கிறதா?

வாங்குமுன் ஒரு கணக்குப் பாருங்கள். லென்ஸின் தூரம் கமராவின் தூரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய எம்42 திருகு லென்ஸுக்கும் பென்டக்ஸ் கே லென்ஸுக்கும் 45.46, மினோல்டா எம்.டி.க்கு 43.5, கெனன் எஃப்.டி.க்கு 42 மி.மீ. கமராக்களில் நிக்கோன் இசட் 16, ஃபியூஜி எக்ஸ் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, கெனன் ஆர்.எஃப். 20 மி.மீ. மிரர்லெஸ் கமரா என்றால் ஏறத்தாழ எல்லாப் பழைய லென்ஸுக்கும் இடம் இருக்கிறது. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய வகை நிக்கோன் டி.எஸ்.எல்.ஆர். கமராவில் கெனன் எஃப்.டி. லென்ஸைப் பூட்ட நினைத்தால் கணக்கு உதைக்கும். தூரம் ஏற்கெனவே கூடிவிட்டதால், உள்ளே ஒரு திருத்தக் கண்ணாடி வைத்த அடப்டர் இல்லாமல் தொலைவில் ஃபோகஸ் கிடைக்காது. அந்தக் கண்ணாடி மலிவானதாக இருந்தால் படமும் கெடும். அந்த வழிக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. லென்ஸில் அப்பேச்சர் வளையம், அதாவது வெளிச்சம் புகும் துவாரத்தைப் பெருக்கிச் சுருக்கும் வளையம், இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கோனின் ஜி வகை லென்ஸ்களில் அது இல்லை. அவற்றுக்கு, தன்னிலேயே ஒரு வளையம் வைத்த அடப்டர் தேவை. கெனன் ஈ.எஃப். லென்ஸ்களின் அப்பேச்சர் மின்சாரத்தில் இயங்குவது. மின்தொடர்பு இல்லாத அடப்டரில் அதை மாற்றவே முடியாது.

படி 1: முதலில் லென்ஸைப் பாருங்கள்

லென்ஸின் பின்பக்கத்தால் டோர்ச் வெளிச்சத்தை அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்திவலை போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். கடற்காற்றும் மாரிகால ஈரமும் உள்ள நம் ஊரில் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்த லென்ஸுக்கு இது அடிக்கடி வரும். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் வீடியோவில் பெரிதாகத் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சமான இடங்கள் எல்லாம் புகைபிடித்த மாதிரி வரும். பிறகு அப்பேச்சர் வளையத்தைத் திருப்பி, உள்ளேயுள்ள இதழ்கள் தடங்கலில்லாமல் மூடித் திறக்கின்றனவா, எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையம் முழுச்சுற்றும் ஒரே இறுக்கத்தில் ஓட வேண்டும்.

படி 2: பூட்டுதல்

அடப்டரை முதலில் லென்ஸில் பூட்டி, பிறகு இரண்டையும் சேர்த்துக் கமராவில் பூட்டுங்கள். நிக்கோன் லென்ஸ் மற்றவைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் பூட்டும் என்பதை மறக்க வேண்டாம். லென்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தபடி பிடித்தால், கடிகார முள் ஓடும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். சோனி பக்கம் கடிகாரத் திசையில். புள்ளியைப் புள்ளிக்கு நேரே வைத்து ஆறுதலாகத் திருப்புங்கள். ‘கிளிக்’ என்று பூட்டு விழுவது கேட்க வேண்டும். இறுகினால் விட்டுவிட்டு மறுபடி வையுங்கள், பலத்தைப் பாவிக்காதீர்கள். எம்42 லென்ஸ் என்றால் திருகி முடிந்ததும் தூரக் குறிகள் மேலே நேராக வருகின்றனவா என்று கவனியுங்கள்.

கமராவை நிறுத்திவிட்டு, அதன் வாய் கீழே பார்க்கும்படி பிடித்துத்தான் லென்ஸ் மாற்ற வேண்டும். கடற்கரையில், காற்று அடிக்கும் பக்கம் பார்த்து நின்று ஒருபோதும் மாற்றாதீர்கள்.

படி 3: மெனுவில் மூன்று மாற்றங்கள்

மின்தொடர்பு இல்லாததால் கமராவுக்கு லென்ஸ் பூட்டியிருப்பதே தெரியாது. பல கமராக்கள் படம் எடுக்க மறுக்கும். சோனியில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’ என்பதை அனுமதியுங்கள். ஃபியூஜியில் ‘ஷூட் வித்அவுட் லென்ஸ்’ என்று இருக்கும். அடுத்தது ஃபோகஸ் பீக்கிங். கூர்மையான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதி இது. சிவப்பு நிறத்தை வைத்தால் பச்சை வடலிக்குள்ளும் தெளிவாகத் தெரியும். மூன்றாவது, கமராவுக்குள்ளேயே நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸில் எழுதியுள்ள மி.மீ. எண்) நீங்களே கொடுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 50 என்றே கொடுங்கள். சிறிய சென்சர் என்பதால் 75 என்று பெருக்கிக் கொடுத்தால் திருத்தம் அளவு மிஞ்சிப் படம் குலுங்கும்.

படி 4: தொலைவுச் சோதனை

இதற்கு நமது ஊர் நல்ல இடம். நிலம் தட்டையாக இருப்பதால் தூரத்துப் பொருள் கண்ணுக்குத் தடையில்லாமல் தெரியும். கடல்நீரேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்து வீதியில் விடிய வேளைக்குப் போங்கள். மத்தியானத்தில் நீருக்கு மேலே காற்று வெக்கையில் அலையும். எந்த லென்ஸாலும் கூர்மையாகக் காட்ட முடியாது. ட்ரைபொட்டில் கமராவை வைத்து, ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். கோபுரத்தின் இரும்புச் சட்டங்கள் கூர்மையைக் காட்டிக்கொடுக்கும். முகாம், சோதனைச் சாவடி இருக்கும் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

அப்பேச்சரை முழுதாகத் திறந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபடி வளையத்தை மெல்லத் திருப்புங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

முடிவிலிக் குறியில் (மிகத் தொலைவைக் காட்டும் ∞ அடையாளம்) சரியாகக் கூர்மை வந்தால் அடப்டர் அளவில் நிற்கிறது. அப்படி வருவது அபூர்வம்.

குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூர்மை வந்து, அதைத் தாண்டித் திருப்பும்போது மங்கினால் அடப்டர் சற்று மெலிது. பாதகமில்லை. தடித்துப் போய்விடக்கூடாது என்பதற்காக மலிவான அடப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள். இனி லென்ஸில் அச்சடித்த எண்களை நம்பாமல், வளையத்தில் மெல்லிய வெள்ளை டேப் ஒட்டி உங்கள் சொந்தக் குறிகளைப் போடுங்கள்.

கடைசி வரை திருப்பியும் கோபுரம் கூர்மையாகவில்லை என்றால் அடப்டர் தடிப்பு. இதைத் திருப்பிக் கொடுங்கள், சமாளிக்கப் பார்க்காதீர்கள். வெறும் 0.1 மி.மீ. தடித்திருந்தாலே 50 மி.மீ. லென்ஸில் ஃபோகஸ் 25 மீற்றருடன் நின்றுவிடும். 24 மி.மீ. லென்ஸிலோ 6 மீற்றரைக்கூடத் தாண்டாது. ஒரு மயிரிழைப் பிசகு, அகலமான லென்ஸ்களில் (மி.மீ. எண் குறைந்த, காட்சியை அகலமாகக் காட்டும் லென்ஸ்கள்) முழுக் காட்சியையும் கெடுத்துவிடும். ஆகவே உங்களிடம் உள்ளவற்றில் மிக அகலமான லென்ஸிலேயே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

படி 5: ஆட்டம் இருக்கிறதா?

என் பார்வையில் வீடியோக்காரருக்கு இதுதான் முக்கியமான சோதனை. போட்டோ எடுப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. ட்ரைபொட்டில் வைத்து ஒரு ஜன்னலையோ கதவு நிலையையோ படத்தின் ஓரத்தோடு ஒட்டியபடி அமைத்து, பதிவை ஓடவிட்டு, ஃபோகஸ் வளையத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு துள்ளுத் துள்ளினால் லென்ஸுக்கும் அடப்டருக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. பெரும்பாலான லென்ஸ்களில் ஃபோகஸ் மாறும்போது படம் சற்று விரியும், சுருங்கும். அது லென்ஸின் இயல்பு. பக்கவாட்டில் துள்ளுவதுதான் பிழை.

சில அடப்டர்களின் உலோக முகத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கும். பொருத்தமான சின்ன திருப்புளியால் எதிரெதிராக ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். உள்ளேயுள்ள தகட்டுச் சுருள்களை நெம்பி விரிக்கும் வழியும் உண்டு. புதியவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன், தகடு ஒடிந்தால் லென்ஸ் கழன்று விழும். பாரமான நீண்ட லென்ஸ் என்றால் ட்ரைபொட் கமராவின் அடியைப் பிடிக்காமல் ட்ரைபொட்டில் பூட்டவென்று லென்ஸிலோ அடப்டரிலோ உள்ள காலைப் பிடிக்க வேண்டும்.

படி 6: சரிவும் ஒளிச்சிதறலும்

ஒரு பத்திரிகையின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, கமராவை அதற்கு நேரே, செங்குத்தாக வைத்து அப்பேச்சரைத் திறந்து எடுங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பழைய லென்ஸுக்கு அது வழமை. ஒரு பக்கம் மட்டும் மங்கினால், ஒரு கால் கட்டையான கதிரை போல ஏதோ சரிந்திருக்கிறது. இன்னொரு லென்ஸை அதே அடப்டரில் பூட்டிப் பாருங்கள். அதே பக்கம் மறுபடி மங்கினால் குறை அடப்டரில், இல்லாவிட்டால் லென்ஸில்.

ஒளிச்சிதறலைப் பின்னேரம் பார்க்கலாம். சூரியன் சரியும் நேரத்தில் பனைகளை நோக்கி, சூரியன் படத்துக்குச் சற்று வெளியே நிற்கும்படி வையுங்கள். சூரியனை நேரே பிடிக்க வேண்டாம். படத்தின் நடுவில் ஒரு வெளிறிய திட்டு வந்தால் அடப்டரின் உட்சுவர் மினுங்குகிறது என்று சந்தேகப்படலாம். வேறு அடப்டரிலோ லென்ஸின் சொந்தக் கமராவிலோ அது வராவிட்டால் சந்தேகம் உறுதி. உட்சுவரில் ஒட்டக்கூடிய கறுப்பு வெல்வெட் தாளைச் சுற்றி ஒட்டினால் பெரும்பகுதி குறையும். நூல் பிரியாதபடி விளிம்பை வடிவாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் துகள் சென்சரில் போய் விழும்.

படி 7: முதல் உண்மையான பதிவு

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். ரியூப் லைட் வெளிச்சத்தில் படம் விட்டுவிட்டு மினுங்காது. இங்கேதான் வெயில் குறுக்கே வரும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பேச்சர் எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப் 2.8இல் எடுக்க விரும்பினால் ஆறு ஸ்டொப் குறைக்க வேண்டும் (ஒவ்வொரு ஸ்டொப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்), அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டர். பழைய நிக்கோன் லென்ஸ்கள் பலவற்றின் முன்வாய் 52 மி.மீ. என்பதால் ஒரு ஃபில்டர் பல லென்ஸுக்கும் போதும்.

முதல் பாடத்துக்கு அசையாமல் இருந்து வேலை செய்யும் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். முற்றத்தில் இருந்து ஒடியல் காயவிடும் அம்மம்மா, சைக்கிள் திருத்தும் அண்ணை. கேட்டுவிட்டு எடுங்கள். சிறிய சென்சரில், 50 மி.மீ. லென்ஸில், 2 மீற்றர் தூரத்தில், எஃப் 1.8இல் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 11 செ.மீ. தான். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் மங்கிவிடும். எஃப் 4இல் அது 25 செ.மீ. அளவுக்குக் கூடும். தொடங்குகிறவர்களுக்கு எஃப் 4 தான் என் சிபாரிசு. பின்னணி மங்கலைக் காட்டும் ஆசையில் எஃப் 1.8ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

திறந்த அப்பேச்சரில், பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, பிறகு எஃப் 4க்கு மூடிப் பதிவைத் தொடங்குங்கள். பீக்கிங் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சின்னத் திரையில் அது கண்ணிமையையும் கன்னத்தையும் ஒன்றாகச் சிவப்பாக்கிவிடும். பதிவு ஓடும்போது அப்பேச்சர் வளையத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு ‘டிக்’குக்கும் வெளிச்சம் படியிறங்கும், சத்தமும் மைக்கில் ஏறும். அசைவில்லாத காட்சி கைக்கு வந்தபிறகு, கையிலிருந்து முகத்துக்கு ஃபோகஸை நகர்த்திப் பழகுங்கள். டேப்பில் இரண்டு குறி போட்டு, முதலில் வேகம் குறைவாக.

வைத்துக்கொள்ளும் முறை

பண்ணையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் லென்ஸ், அடப்டர், கமரா மூன்றின் வெளிப்பக்கத்தையும் சற்று ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடிக்கு முதலில் காற்றுப்பந்து. உப்புத்துகளோடு தேய்த்தால் கீறிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீல மணிகளில் கோபால்ட் கலந்திருக்கும் என்பதால் செம்மஞ்சள் மணிகளை வாங்குங்கள். ஈரத்தை இழுத்து அவை நிறம் மாறியதும், சமையலுக்குப் பாவிக்காத ஒரு தாச்சியில் மெல்லிய சூட்டில் உலர்த்தினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இந்தப் பெட்டியை அடிக்கடி திறந்து பாருங்கள்.