கோடை விடுமுறையில் நேபாளப் பள்ளிக்குக் கற்பிக்கச் செல்லும் மாணவர்களுக்கு

நமக்குச் சித்திரை பிறக்கும் ஏப்ரல் நடுப்பகுதியில்தான் நேபாளத்தில் பைசாக் மாதமும் அதனுடன் புதிய கல்வியாண்டும் தொடங்குகின்றன. ஆகவே மே மாத விடுமுறையில் செல்லும் கல்லூரி மாணவர், பாடப்புத்தகத்தின் முதல் சில பாடங்கள் நடக்கும்போது வகுப்புக்குள் நுழையலாம். ஜூன் நடுவில் பருவமழை தொடங்கிவிட்டால் மலைப்பாதைகளில் மண் சரியும் என்பதால், அதற்கு முன் திரும்பிவிடுவது நல்லது.

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அட்டையையோ வைத்திருக்க வேண்டும். கல்லூரி வயதினருக்கு ஆதார் அட்டை மட்டும் போதாது. மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்லும் தமிழர்கள், சுற்றுலா விசா ஊதியமற்ற வேலைக்கும் இடம் தருவதில்லை என்பதை அறிந்து, முன்னதாகவே அனுமதி பெற வேண்டும்.

அனாதை இல்லங்களைத் தவிர்த்து அரசுப் பள்ளியையே தேர்ந்தெடுங்கள். அங்குள்ள இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வெளிநாட்டவர் தரும் பணமே அவர்களைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் காரணங்களில் ஒன்றாகிவிட்டது.

தலைமையாசிரியருக்கு எழுதும்போது, எந்த வகுப்பு, அந்த வாரங்களில் எந்தப் பாடம் என்பவற்றோடு, வழக்கமான ஆசிரியர் வகுப்பில் உடன் இருப்பாரா என்றும் கேளுங்கள். நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். நீங்கள் வருவதால் அவர் விடுப்பில் செல்வார் என்றால், நீங்கள் திரும்பிய பிறகு பாடத்தை எங்கிருந்து தொடர்வது என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. புதிய பாடத்தை அவர் நடத்தட்டும். பின்தங்கிய நான்கைந்து பேரைத் தனியே அமர்த்திப் பயிற்சி கொடுப்பதே விருந்தினராக வந்தவர் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை.

கணிதம் கற்பிப்பதானால் தேவநாகரி எண்களைப் புறப்படும் முன்பே எழுதிப் பழகுங்கள்; அவற்றில் 1 நம் கண்ணுக்கு 9 போலவே தெரியும். லட்சம், கோடி என்று எண்ணுவதும் அதற்கேற்பக் காற்புள்ளி இடுவதும் இரு நாட்டிலும் ஒன்றே என்பதால், அந்த வகையில் ஐரோப்பியத் தன்னார்வலரைவிட நமக்குச் சிரமம் குறைவு. நிலத்தை வைத்துக் கணக்குப் போடும்போது ஏக்கரை விட்டுவிடுங்கள்: மலைப்பகுதியில் 16 ஆனா ஒரு ரோபனி, தராய்ச் சமவெளியில் 20 கட்டா ஒரு பிகா. பின்னங்களைப் புரிந்துகொள்ளத் திணறும் பிள்ளையிடம், வீட்டு நிலமான ஒரு ரோபனியில் 4 ஆனாவுக்கு மட்டும் உருளைக்கிழங்கு நட்டால் அது எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டுப் பாருங்கள். தாமாங் அல்லது தாரு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேபாளியே பள்ளியில் பழகும் மொழியாக இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் விரைவாகப் பேசினால் வகுப்பு முழுவதும் தலையாட்டும், ஆனால் ஒருவருக்கும் விளங்கியிருக்காது.

வார விடுமுறையைப் பொறுத்தவரை, சனிக்கிழமைதான் அங்கு நெடுங்கால வழக்கம். ஞாயிறன்று பள்ளி உண்டா என்பதைச் சென்றவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கணக்கு வரை வந்திருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.