மூன்று நாட்டு யோசனை, ஒரே கொல்லை

பூச்சிக்கும் பறவைக்கும் இடம் விட்டுத் தோட்டம் போடுவதில் ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு ஒரு பழக்கம் இருக்கிறது. ஜெர்மனியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அதில் சிலவற்றைச் செய்துபார்த்தேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. கல்லைப் பெயர்த்தெடுங்கள்
இது நெதர்லாந்துச் சரக்கு. முற்றத்துத் தளக்கற்களை எடுத்துவிட்டுச் செடி வைப்பதற்கு அங்கே 'தேகல்விப்பன்' என்று பெயர். ஊருக்கு ஊர் போட்டியே நடக்கிறது. நமக்கு நான்கைந்து கல் எடுத்தால் போதும். அடியில் இருக்கும் மணலைக் கொட்டிவிடாதீர்கள், அப்புறம் வேண்டியிருக்கும்.

2. வேலியில் ஓட்டை
பிரிட்டனில் முள்ளெலிக்காக வேலியின் அடியில் 13 செ.மீ. சதுரத்துக்கு ஓட்டை விடுகிறார்கள். இரை தேடி அது ஒரே இரவில் பல தோட்டங்களைச் சுற்றும். (முள்ளம்பன்றி வேறு, அது இதில் நுழையாது.) பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். தானியங்கிப் புல்வெட்டி வைத்திருந்தால் இரவில் ஓட விடாதீர்கள்.

3. சுள்ளி வேலி
ஜெர்மனியில் இதை 'பென்யெஸ் வேலி' என்பார்கள். அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசைக் கழிகளை ஊன்றி, நடுவில் வெட்டிய கிளைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். மட்க மட்க உயரம் இறங்கும். மேலே போட்டுக்கொண்டே இருங்கள். இங்கே மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை புதர்வேலிகளை ஒட்ட வெட்டச் சட்டம் விடாது. அதனால் குளிர்காலத்திலேயே கிளை சேர்த்துவிடுங்கள்.

4. தேனீக்கு வீடு
நான் சறுக்கியது இதில்தான். கடையில் அழகாக இருந்த 'தேனீ ஹோட்டல்' ஒன்றை, அதாவது காட்டுத் தேனீக்கள் கூடு கட்ட மூங்கில் குழாய் அடுக்கிய பெட்டியை, வாங்கி மாட்டினேன். மூங்கில் வாயெல்லாம் சிலாம்பு, மீதி இடத்தில் பைன் காய். ஒரு வருடம் முழுக்கக் காலி! சிலாம்பு தேனீயின் இறக்கையைக் கிழிக்கும், பைன் காயில் அது கூடு கட்டாது.

பிறகு நன்றாகக் காய்ந்த ஓக் கட்டையில் நானே துளை போட்டேன். வளையம் தெரியும் வெட்டுமுகத்தில் போட்டால் வெடிக்கும். பட்டை இருந்த பக்கவாட்டில் போடுங்கள். 3 முதல் 9 மி.மீ. வரை பல அளவில், மறுபக்கம் வராமல். வாயை உப்புத்தாளால் தேய்த்து, மழை படாமல் வெயில் பார்க்க மாட்டுங்கள்.

ஆனால் இங்குள்ள காட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில்தான் கூடு கட்டுகின்றன. எடுத்துவைத்த மணல் அவற்றுக்குத்தான். ஈரமாக்கி ஒரு கோப்பையில் அமுக்கி, கவிழ்த்துக் காய விடுங்கள். உதிர்ந்தால் கொஞ்சம் களிமண் சேர்க்க வேண்டும். வெயில் விழும் இடத்தில் அரை மீட்டர் ஆழக் குழியில் நிரப்புங்கள். மணல் போதாது, இன்னும் வாங்க வேண்டிவரும்.

5. புல்லை அடக்கும் செடி
பிரிட்டனில் பூப்புல்வெளி போடுகிறவர்கள் முதலில் தேடுவது 'யெல்லோ ராட்டில்' விதையை. நம் கிலுகிலுப்பை போலக் காய்ந்த காய்க்குள் விதை ஆடும், ஆனால் உறவில்லை. புல்லின் வேரை உறிஞ்சி அதன் திமிரை அடக்குவதால் மற்ற பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. ஜெர்மனியிலும் இயல்பாக வளர்கிற செடிதான். இருந்தாலும் உங்கள் வட்டாரத்தில் விளைந்த விதையையே வாங்குங்கள். இலையுதிர்காலத்தில் புல்லை ஒட்ட வெட்டி, மண் தெரியச் சுரண்டித் தூவுங்கள். குளிர் படாமல் முளைக்காது. ஜூலை வரை வெட்டாதீர்கள். வெட்டிய புல்லை அங்கேயே விடவும் கூடாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இடம் மொட்டையாகத்தான் கிடக்கும். கேட்பவர்களிடம் விதை போட்டிருக்கிறேன் என்று சொல்லிவையுங்கள்.